சர்வர் அளவீடுகளை எட்டே நாளில் அழிய விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் மருத்துவமனைப் பதிவுச் சீட்டு, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளின் ஏற்றுமதி இன்வாய்ஸ், கல்லூரிக் கட்டணம், கூட்டுறவு வங்கியின் வட்டிக் கணக்கு என எல்லாமே இன்று ஏதாவது ஒரு பெரிய சாஃப்ட்வேரில்தான் ஓடுகின்றன. அது இழுக்க ஆரம்பித்தால் முதலில் அவதிப்படுபவர் கவுன்டரில் நிற்கும் மனிதர். பிறகு கூட்டம் போடுவார்கள். சாஃப்ட்வேர் கொடுத்தவர் நெட்வொர்க்கைக் கை காட்டுவார், நெட்வொர்க் ஆள் டேட்டாபேஸை, அதாவது தகவலைச் சேமிக்கும் மென்பொருளைக் கை காட்டுவார், கடைசியில் பல லட்ச ரூபாய்க்குப் புது சர்வர் வாங்கத் தீர்மானம் ஆகும். "போன மாதக் கடைசியில் இதே வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது?" என்று யாராவது கேட்டால் பதில் இருக்காது. அந்தக் கணக்கைச் சிஸ்டம் எடுத்துத்தான் வைத்திருந்தது. யாரும் தொடாமலே அது அழிந்து போயிருக்கும். இந்த ஒரு விஷயத்தைச் சரிசெய்யச் சொல்லித்தான் இந்தக் கடிதம்.

ஒவ்வொரு மென்பொருளும் வாங்கி வந்தபடியே எத்தனை நாள் கணக்கு வைத்திருக்கும் என்று பார்த்தால் நிலைமை புரியும். ஆரக்கிள் டேட்டாபேஸின் அளவீட்டுப் பதிவேடான ஏடபிள்யூஆர் 60 நிமிடத்துக்கு ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து அளவீடுகளின் பதிவு) எடுத்து 8 நாள் வைத்திருக்கும், பிறகு அழித்துவிடும். எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸில் க்வெரிகளின் (சாஃப்ட்வேர் டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளின்) வரலாற்றை வைக்கும் க்வெரி ஸ்டோர் 30 நாள். சர்வர்களைக் கண்காணிக்கும் பிராமிதியஸ் 15 நாள். லினக்ஸில் சிபியு, டிஸ்க் அளவீடுகளைச் சேகரிக்கும் சிஸ்ஸ்டாட் ரெட்ஹாட் வகைகளில் 28 நாள், டெபியன், உபுண்டு வகைகளில் 7 நாள். அதிலும் உபுண்டுவில் நிறுவினால் மட்டும் போதாது, சேகரிப்பைத் தனியாக இயக்கிவிட வேண்டும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் கூட்டுத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும், எந்த நேரத்தில் எவ்வளவு என்ற வரலாறு அதில் கிடையாது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் அளவீடுகளை வைக்கும் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா மெமரியில் இருப்பது. சர்வீஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் அத்தனையும் போய்விடும். அதே மைஎஸ்க்யூஎல்லில் மெதுவான க்வெரிகளைக் குறித்து வைக்கும் ஸ்லோ க்வெரி லாக் ஆரம்பத்தில் அணைந்தே இருக்கும். இயக்கினாலும் எல்லை 10 விநாடி என்று வைத்திருப்பார்கள். பதிவுக் கவுன்டரில் ஒரு சீட்டுக்கு 4 விநாடி ஆனாலே வரிசை வாசல் வரை நீண்டுவிடும். அந்த 4 விநாடி க்வெரி எதுவும் லாகில் வராது.

இந்த அளவுகள் போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிட மட்டும் உதவும். நம் பகுதியின் வேலை வாரக் கணக்கில் அமைந்ததல்ல. தோல் தொழிற்சாலைகளில் மாதக் கடைசி அனுப்பீட்டின்போது நெரிசல். அதன் பின் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, 20ஆம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல். கல்லூரிகளில் பிளஸ் டூ முடிவு வந்ததும் மே, ஜூன் இரண்டு மாதம். கூட்டுறவு வங்கிக்கு காலாண்டு இறுதியும் மார்ச் 31ஆம் தேதியும். இவற்றை ஒப்பிட வேண்டுமானால் குறைந்தது 35 முதல் 40 நாள் வரை நுணுக்கமான அளவீடும், 13 மாதம் வரை சுருக்கிய அளவீடும் கையில் இருக்க வேண்டும். 12 மாதம் போதாதா என்று கேட்பார்கள். இந்த மார்ச் கடைசி வாரத்தைப் போன மார்ச் கடைசி வாரத்தோடு வைத்துப் பார்க்கும்போது, 12 மாதம் என்றால் பழைய வாரம் ஒவ்வொரு நாளாக அழிந்துகொண்டிருக்கும். ஆய்வு முடியும்வரை அது இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கூடுதலாக ஒரு மாதம்.

ஆரக்கிளில் இதைச் செய்வது ஒரே கட்டளை. டிபிஎம்எஸ் வொர்க்லோட் ரெபாசிட்டரி பேக்கேஜில் ஸ்னாப்ஷாட் செட்டிங்கை மாற்றும் ப்ரொசீஜரில் ரிடென்ஷனை, அதாவது எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதை, நிமிடத்தில் கொடுக்க வேண்டும். 40 நாள் என்றால் 57,600. இடைவெளியை 60இலிருந்து 30 நிமிடமாக்கலாம். பரபரப்பான இடமானால் 15. செய்வதற்கு முன் சிஸ்ஆக்ஸ் டேபிள்ஸ்பேஸில் (ஆரக்கிள் தன் உள் கணக்குகளை வைக்கும் சேமிப்பிடம்) ஏடபிள்யூஆர் இப்போது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பாருங்கள். 8 நாளுக்கு 1 ஜிபி என்றால் 40 நாளுக்கு 5 ஜிபி. இடைவெளியைப் பாதியாக்கினால் ஸ்னாப்ஷாட் பகுதி ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆனால் ஆஷ் எனப்படும் செஷன் வரலாறு (ஒவ்வொரு இணைப்பும் என்ன செய்துகொண்டிருந்தது என்ற பதிவு) அப்படி அதிகரிக்காது. அது விநாடிக்கு ஒரு மாதிரி எடுத்து, பத்தில் ஒன்றை மட்டும் டிஸ்க்கில் எழுதுவது. ஸ்னாப்ஷாட் இடைவெளியோடு அதற்குச் சம்பந்தமில்லை. சிஸ்ஆக்ஸ் நிரம்பினால் டேட்டாபேஸ் ஓடிக்கொண்டே இருக்கும், ஸ்னாப்ஷாட் மட்டும் நின்றுவிடும். யாருக்கும் தெரியாது. அதனால் கடைசி ஸ்னாப்ஷாட் எப்போது எடுக்கப்பட்டது என்பதற்கே ஒரு எச்சரிக்கை மணி வைக்க வேண்டும்.

13 மாதத்தையும் முழுசாக ஆரக்கிளுக்குள்ளேயே வைக்க வேண்டிய தேவையில்லை. மாதக் கடைசி மூன்று நாள், மார்ச் கடைசி வாரம் போன்றவற்றுக்கு மட்டும் தொடக்க, முடிவு ஸ்னாப்ஷாட் எண்களைக் கொடுத்து பேஸ்லைன் எனும் ஒப்பீட்டுப் பதிவை உருவாக்கிவிட்டால், அந்த ஸ்னாப்ஷாட்களைத் தானியங்கி அழிப்பு தொடாது. 400 நாளில் காலாவதி ஆகும்படி அதிலேயே குறித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. ஏடபிள்யூஆர் பார்க்க எண்டர்பிரைஸ் எடிஷனும் டயக்னாஸ்டிக்ஸ் பேக் லைசென்ஸும் வேண்டும். லைசென்ஸ் இல்லாத இடத்தில் அது பாட்டுக்குச் சேகரித்துக்கொண்டிருக்கிறதே என்று ரிப்போர்ட் எடுத்தால், தணிக்கை வரும்போது பெரிய தொகை கேட்பார்கள். ஸ்டாண்டர்ட் எடிஷன் வைத்திருப்பவர்களுக்கு இதே போன்ற கணக்கை எடுக்கும் ஸ்டேட்ஸ்பேக் இருக்கிறது. லைசென்ஸ் செலவு இல்லை. பெர்ஃப்ஸ்டாட் யூசரின் கீழ் நிறுவி, மணிக்கு ஒருமுறை ஓடும்படி வேலை அமைக்க வேண்டும். அது பழையதைத் தானாக அழிக்காது என்பதால் தனி டேபிள்ஸ்பேஸ் கொடுத்து, அழிப்பதற்கும் ஒரு மாத வேலை போட்டுவிட வேண்டும்.

எஸ்க்யூஎல் சர்வரில் சிக்கல் வேறு விதம். க்வெரி ஸ்டோர் 2016 பதிப்பில் வந்தது. அதிலும் 2017இலும் அதன் அதிகபட்ச அளவு 100 எம்பி என்றே வருகிறது. 2019இலிருந்துதான் 1,000 எம்பி. அளவு நிரம்பினால் அது ரீட் ஒன்லி (படிக்க மட்டும்) நிலைக்குப் போய்ச் சேகரிப்பை நிறுத்திவிடும். திரையில் பழைய க்வெரிகள் தெரிந்துகொண்டிருப்பதால் எல்லாம் ஓடுகிறது என்றே நினைப்போம். நோயாளி எண்ணையும் பில் எண்ணையும் க்வெரிக்குள்ளேயே ஒட்டி எழுதிய சாஃப்ட்வேர் என்றால் ஒவ்வொன்றும் தனித்தனி க்வெரியாகப் பதிவாகி, 100 எம்பி விரைவில் தீர்ந்துவிடும். அளவை 2 ஜிபியாவது ஆக்குங்கள், நாள் எண்ணிக்கையை 40 ஆக்குங்கள், எந்த க்வெரிகளைப் பதிவது என்று தீர்மானிக்கும் கேப்சர் மோடை ஆட்டோவில் வையுங்கள், ஆக்சுவல் ஸ்டேட் என்ற பத்தியை வாரம் ஒருமுறை பாருங்கள். அங்கே ரீட் ஒன்லி என்று இருந்தால் காரண எண்ணும் பக்கத்திலேயே இருக்கும்.

போஸ்ட்கிரெஸைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். லைசென்ஸ் செலவு இல்லாததால் நம் ஊர்க் கல்லூரிகளும் சிறிய மருத்துவமனைகளும் அதற்கு மாறிவருகின்றன, ஆனால் அதில் வரலாறு வைக்கும் பொறுப்பு முழுக்க நம்முடையது. க்வெரி வாரியாகக் கணக்கெடுக்கும் பிஜி ஸ்டேட் ஸ்டேட்மென்ட்ஸ் என்ற எக்ஸ்டென்ஷனைத் தொடக்கத்திலேயே ஏற்றும் லைப்ரரிப் பட்டியலில் சேர்த்து ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அது தருவது கரன்ட் மீட்டர் மாதிரி ஏறிக்கொண்டே போகும் எண். இரண்டு ரீடிங் எடுத்துக் கழித்தால்தான் யூனிட் தெரியும். எடுத்துக்காட்டாக, பதிவுச் சீட்டு க்வெரி ஒன்று காலை 9.45க்கு 48,210 முறை ஓடி மொத்தம் 12,05,000 மில்லி விநாடி எடுத்திருக்கிறது. 10 மணிக்கு 49,110 முறை, 13,85,000 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். 10 மணிக்கு வெறும் சராசரியைப் பார்ப்பவர் ஒரு முறைக்கு 28 மில்லி விநாடிதான், நன்றாகத்தானே இருக்கிறது என்பார். கழித்துப் பாருங்கள்: 900 முறைக்கு 1,80,000. ஒரு முறைக்கு 200 மில்லி விநாடி. 9.45 வரை இருந்த 25 மில்லி விநாடிச் சராசரியைப் போல எட்டு மடங்கு ஆகியிருக்கிறது, அதைப் பழைய நல்ல நாட்களின் கூட்டுத்தொகை மூடிவிட்டது.

ஆகவே 15 நிமிடத்துக்கு ஒருமுறை இந்த எண்களைக் காட்டும் வியூவையும், டேட்டாபேஸ், டேபிள் அளவிலான வியூக்களையும் நேரத்தோடு சேர்த்து வேறொரு டேட்டாபேஸில் நகலெடுக்க, குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு கிரான் வேலை போட வேண்டும். கடைசியாக ரீசெட் ஆன நேரத்தையும், சர்வர் தொடங்கிய நேரத்தையும் கூடவே எழுதுங்கள். புதிய ரீடிங் பழையதைவிடக் குறைவாக வந்தால் நடுவில் எண் பூஜ்யத்துக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடைவெளியை வெற்றாக விட வேண்டும். கழித்தல் குறியோடு சேமித்தால் அந்த மாதக் கூட்டலே கெட்டுவிடும். க்வெரிகளுக்கு 5,000 இடம்தான் ஆரம்ப அளவு. தாண்டினால் குறைவாக ஓடுபவற்றைத் தள்ளிவிடும். மாதம் ஒருமுறை மட்டும் ஓடும் வட்டிக் கணக்குதான் முதலில் தள்ளப்படும், நமக்கு வேண்டியதும் அதுதான். 10,000 ஆக்குங்கள். 14ஆம் பதிப்பு முதல் எத்தனை முறை தள்ளியது என்ற எண்ணும் கிடைக்கிறது, அதையும் சேர்த்து எழுதுங்கள். டிராக் ஐஓ டைமிங் என்பதை இயக்காவிட்டால் டிஸ்க் படிப்புக்குச் செலவான நேரம் எப்போதும் பூஜ்யம் என்றே காட்டும்.

கோடைக்காலத்தில் இங்கே கரன்ட் போவது புதிதல்ல. யுபிஎஸ் பேட்டரி தேய்ந்து சர்வர் சட்டென்று அணைந்தால், திரும்ப எழும்போது போஸ்ட்கிரெஸ் இந்தக் கூட்டுக் கணக்குகளைத் தூக்கி எறிந்துவிடும். அதில் இன்னொரு தொல்லையும் உண்டு: எந்த டேபிளில் எவ்வளவு குப்பை சேர்ந்தது என்று, டேபிள்களைத் தானாகச் சுத்தம் செய்யும் ஆட்டோவேக்கம் பார்ப்பதும் இதே கணக்கைத்தான். அது தொலைந்ததால் பெரிய டேபிள்கள் நாள்கணக்கில் சுத்தம் செய்யப்படாமல் வீங்கும். அப்படி அணைந்து எழுந்தால் டேட்டாபேஸ் முழுவதற்கும் ஒரு அனலைஸ் (கணக்கைப் புதிதாக எடுக்கும் கட்டளை) ஓட்டிவிடுங்கள்.

சுருக்கி வைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரு மணி நேரச் சராசரி சிபியு 35 சதவீதம் என்று பதிவாகியிருக்கிறது. 10 நிமிடம் 100 சதவீதத்தில் முட்டி நின்று, மீதி 50 நிமிடம் 22 சதவீதத்தில் ஓடினாலும் சராசரி 35தான் வரும். கவுன்டரில் மக்கள் நின்றது அந்தப் பத்து நிமிடம். ஆகவே ஒவ்வொரு மணிக்கும் குறைந்தபட்சம், சராசரி, அதிகபட்சம், எண்ணிக்கை நான்கையும் வையுங்கள். ஸாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் ட்ரெண்ட்ஸ் என்ற பெயரில் இதை அப்படியே செய்து 365 நாள் வைக்கிறது. அதை 400 நாளாக்கினால் போதும். 95ஆவது பெர்சென்டைல் (100இல் 95 வேலைகள் முடிந்துவிடும் நேர எல்லை) போன்றவற்றைக் கூட்டிச் சராசரி போடக் கூடாது. 24 மணி நேரத்தின் 24 பெர்சென்டைல்களைக் கூட்டி வகுத்தால் வருவது எந்த அர்த்தமும் இல்லாத எண். 100 மில்லி விநாடிக்குள் எத்தனை, 500க்குள் எத்தனை, 2 விநாடிக்குள் எத்தனை என்று அடுக்கு எண்ணிக்கையாகச் சேமித்தால், பிறகு எந்தக் காலத்துக்கும் கூட்டிப் பெர்சென்டைல் எடுக்கலாம்.

நேரம் பற்றியும் கவனம் வேண்டும். நம் நேரம் உலகப் பொது நேரமான யுடிசியிலிருந்து ஐந்தரை மணி தள்ளி இருப்பதால், யுடிசி மணிக்கணக்கில் சுருக்கும் கருவிகளில் ஒரு மணி என்பது நமக்கு 7.30 முதல் 8.30 வரை. காலை 8 முதல் 9 வரையிலான புறநோயாளிக் கூட்டம் இரண்டு துண்டாகி, இரண்டிலும் பாதியாகத் தெரியும். நாள் என்பதும் விடியற்காலை 5.30க்கு மாறும். அரை மணி அல்லது கால் மணியாகச் சுருக்கினால் இந்தத் தொல்லை இல்லை. எல்லா சர்வரின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வரோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் நேர சர்வரோடு ஒத்திசைக்க வேண்டும் என்ற கடமையும் இருக்கிறது. அதே உத்தரவு லாக் எனும் நிகழ்வுப் பதிவுகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைக்கச் சொல்கிறது. அதற்காக டிஸ்க் வாங்கும்போதே இந்த அளவீடுகளுக்கும் இடம் ஒதுக்கிவிடலாம்.

இடம் அதிகம் ஆகும் என்ற பயம் தேவையில்லை. 20 சர்வர், ஒவ்வொன்றிலும் 1,000 அளவீடு, 15 விநாடிக்கு ஒருமுறை என்றால் விநாடிக்கு சுமார் 1,333 எண்கள். பிராமிதியஸ் ஓர் எண்ணுக்கு 1 முதல் 2 பைட் எடுக்கும். 2 என்றே வைத்தாலும் நாளுக்கு 230 எம்பி, 400 நாளுக்கு 92 ஜிபி. 60 விநாடிக்கு ஒருமுறை என்றால் 23 ஜிபி. இந்தக் கணக்கு கெடுவது லேபிளில், அதாவது ஒவ்வொரு அளவீட்டோடும் ஒட்டும் அடையாளப் பெயரில். நோயாளி எண், இன்வாய்ஸ் எண், லாகின் பெயர் இவற்றை லேபிளாகப் போட்டால் ஒவ்வொன்றும் தனி வரிசையாகி மெமரியைத் தின்றுவிடும். பிரிவு, கவுன்டர், திரையின் பெயர் வரை போதும்.

சர்வர் எண்களோடு வேலையின் எண்ணிக்கையும் வேண்டும். கால் மணிக்கு எத்தனை சீட்டு, எத்தனை இன்வாய்ஸ், எத்தனை ரசீது என்பதை அதே டேபிளில் எழுதினால்தான், சிபியு ஏறியது கூட்டம் கூடியதாலா அல்லது ஏதோ ஒரு க்வெரி வழி தவறியதாலா என்று பிரிக்க முடியும். இது இல்லாத அளவீடு பாதி அளவீடுதான். என்றைக்கு பேட்ச் போட்டோம், என்றைக்கு இண்டெக்ஸ் மாற்றினோம் என்ற குறிப்பும் தேதி, மணியோடு அதில் இருக்கட்டும்.

இதில் ஒரு பொறுப்பும் சேர்கிறது. க்வெரி ஸ்டோரிலும் ஸ்லோ லாகிலும் க்வெரியின் முழு வாசகம் பதிவாகும். அதில் நோயாளியின் பெயர், கைபேசி எண் அப்படியே இருக்கலாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, அந்த ஃபைலை ஆராய்ச்சிக்கு என்று மெயிலில் வெளியே அனுப்புவது ஆபத்து. எண்களையும் பெயர்களையும் கேள்விக்குறியாக மாற்றிவிட்டே 13 மாதக் கிடங்குக்குள் அனுப்ப வேண்டும். கிடங்கும் அதே சர்வரில் இருக்கக் கூடாது. சர்வர் விழுந்தால் ஏன் விழுந்தது என்ற கணக்கும் கூடவே விழுந்துவிடும்.

எல்லாம் ஒழுங்காக வைத்திருப்பவர்களும் தொலைப்பது புது சர்வருக்கு மாறும் நாளில். ஆரக்கிளில் ஏடபிள்யூஆரை வெளியே எடுக்கவும் வேறிடத்தில் ஏற்றவும் அவர்களே ஸ்கிரிப்ட் தந்திருக்கிறார்கள், பழையதை அணைப்பதற்கு முன் ஓட்ட வேண்டும். க்வெரி ஸ்டோர் அந்தந்த டேட்டாபேஸுக்குள்ளேயே இருப்பதால் பேக்கப்போடு வந்துவிடும். போஸ்ட்கிரெஸைப் புதுப் பதிப்புக்கு மாற்றும் பிஜி அப்கிரேட் கூட்டுக் கணக்குகளைக் கொண்டு வராது. சிஸ்ஸ்டாட் ஃபைல்களைப் புதுப் பதிப்பு படிக்காமல் போகலாம், எஸ்ஏடிஎஃப் கருவியால் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மூன்று மாவட்டங்களிலும் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கும் நிறுவனங்களும் கூட்டுறவு அமைப்புகளும் டெண்டரில் இந்த வாசகத்தைச் சேர்க்க வேண்டுகிறோம்: "சர்வர், டேட்டாபேஸ், பயன்பாட்டு மென்பொருள் ஆகியவற்றின் அளவீடுகள் 15 நிமிட இடைவெளியில் 40 நாளும், மணிக்கணக்கான சுருக்கம் 400 நாளும் நிறுவனத்தின் சொந்தக் கிடங்கில் வைக்கப்பட வேண்டும். அவை நிறுவனத்தின் உடைமை. ஒப்பந்தம் முடியும்போது முழுமையாக ஒப்படைக்கப்பட வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை, நிறுவனம் கேட்கும் ஏதேனும் ஒரு பழைய நாளின் அறிக்கையை எடுத்துக் காட்ட வேண்டும்." டிசம்பருக்குள் இதைச் செய்துவிட்டால் வரும் மார்ச் 31 கணக்கு முழுதாகக் கையில் இருக்கும், அடுத்த மார்ச்சில் சர்வர் வாங்கலாமா வேண்டாமா என்று அதைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.

இப்படிக்கு,
டேட்டாபேஸ், சர்வர் பராமரிப்புப் பணியில் உள்ளோர் சிலர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்